கெசேராவின் சாட்சிக் கல்

மனிதனின் வெட்கத்தை ஊசிமுனையால் அகற்றிவிடலாம் என்று டாக்டர் நல்லபெருமாள் கண்டறிந்தபோது உலகம் அவருக்கு மாலை போட்டது. மேடையேறினால் குரல் கம்மிப்போகும் பாடகிகள், நீதிபதியின் முன்னே நாக்குக் குழறும் இளம் வழக்கறிஞர்கள், பெண் பார்க்க வந்தவர்களின் எதிரில் உட்கார மாட்டாமல் மயங்கி விழுந்த ஒரு பட்டதாரி என்று பலரும் பாளையங்கோட்டையில் இருந்த அவருடைய சிறிய மருத்துவமனைக்கு வந்தார்கள். காதின் பின்புறத்து எலும்பில் நெல்மணியளவு கருவியொன்றைப் பதித்துக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு திரும்பிப் போனார்கள். மருத்துவ ஏடுகளில் அதற்கு நீண்டதொரு பெயர் இருந்தது. மக்கள் அதனை விதை என்றார்கள். பிறர் நம்மைப் பார்க்கிறார்கள் என்னும் எண்ணம் மூளையின் எந்த மூலையில் சூடேறுகிறதோ, அந்த மூலையை விதை குளிர்வித்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அது பயத்தைத் தொடாது, துக்கத்தைத் தொடாது, அறிவையும் தொடாது.

அந்த நாளில்தான் ஆப்பிரிக்காவின் மேட்டு நிலத்திலுள்ள லுமாண்டி என்ற சிறு நாட்டிலிருந்து ஒபெலா கிதுரு என்பவர் அவரைத் தேடி வந்தார். நல்ல கல்வி, நல்ல தோற்றம், நாட்டுக்கு உழைக்க வேண்டும் என்ற ஆசை எல்லாம் அவரிடம் இருந்தன. கூட்டத்தைக் கண்டால் மட்டும் சட்டை நனைந்துவிடும். டாக்டர் விதையைப் பதித்தார். கிதுரு ஊருக்குத் திரும்பித் தேர்தலில் நின்றார், வென்றார், ஜனாதிபதியானார். நன்றி மறவாமல் தலைநகரில் டாக்டருக்கு ஒரு மருத்துவமனை கட்டிக் கொடுத்தார். டாக்டரும் குடிபெயர்ந்தார். பாளையங்கோட்டையிலிருந்து அவரோடு போனவள் ஞானப்பூ என்ற தாதி. நாசரேத் பக்கத்துப் பெண். அங்கே நில அளவைத் துறையில் வேலை பார்த்த முசேகா என்ற உள்ளூர்க்காரரை அவள் மணந்தபோது, தாய்மாமன் இடத்தில் நின்று அவளைத் தேவாலயத்துக்குள் அழைத்துச் சென்றவர் டாக்டரே. அன்று முதல் மருத்துவமனைக்கு வெளியே அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

கிதுரு இரண்டு பதவிக்காலம் ஆண்டார். மூன்றாம் தேர்தலில் தோற்றார்.

தோற்றவர் தோற்றேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் முறை. இத்தனை எளிய செயலைச் செய்யமாட்டாமல் எத்தனை நாடுகளில் எத்தனை பெரிய மனிதர்கள் ஊரைச் சுடுகாடாக்கியிருக்கிறார்கள் என்று எண்ணினால், எண்ணுகிறவனுக்கே முகம் சுருங்குகிறது. கிதுருவும் அந்த வரிசையில் போய் நின்றார். வாக்குப்பெட்டிகளில் அந்நியச் சதி புகுந்துவிட்டது என்றார். தேர்தல் ஆணையத்தின் வாசலில் கவச வண்டி நின்றது. எதிர்க்கட்சித் தலைவி மடிபேயை வாழ்த்திப் பாடிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்த இளைஞர்கள்மீது துப்பாக்கி பேசிற்று. அவர்களை வரிசையாகக் கிடத்தியபோது ஞானப்பூதான் மருத்துவமனையிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுபோனாள்.

இவ்வளவும் செய்த கிதுருவால் ஒன்றை மட்டும் மீற முடியவில்லை. எழுத்தறிந்தவர்கள் அரிதாயிருந்த காலத்தில் லுமாண்டி மக்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. ஒவ்வொரு மாகாணத்தின் சந்தைத் திடலிலும் சாட்சிக் கல் என்று ஒரு பாறை இருக்கும். வாக்கை எண்ணிய அதிகாரி அதன்மேல் ஏறி நின்று, கூடியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, முடிவைத் தம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது குரல் நடுங்கினால் கூட்டம் ‘மறுபடி’ என்று கேட்கும். அவர் மறுபடியும் சொல்ல வேண்டும். மூன்று முறையும் நடுங்கினால் மக்களின் கண்ணெதிரே மறு எண்ணிக்கை நடக்கும். நடுங்காமல் சொன்னது சொன்னதுதான். அதன்பின் படைத்தலைவனும் அதற்குக் கட்டுப்பட்டவன். சட்டப் புத்தகத்திலும் அதை ஏற்றிவைத்திருந்தார்கள். மிரட்டப்பட்டுப் பொய் எண்ணைச் சொல்ல ஏறிய இரண்டு மாகாண அதிகாரிகள் கல்லின்மேல் நின்று கைகால் உதறிப்போனார்கள். மக்கள் முன்னே எண்ணிப் பார்த்ததில் இரண்டும் மடிபேயின் பக்கம் போயின. எஞ்சியது தலைநகரை உள்ளடக்கிய கெசேரா மாகாணம். அதன் முடிவே நாட்டின் முடிவு. அங்கே எண்ணியவர் முசேகா.

“அவியளைக் கூட்டிட்டுப் போயிட்டாவ, மாமா,” என்றாள் ஞானப்பூ.

மருத்துவமனையின் மருந்தறையில் நின்றுகொண்டு அவள் அதைச் சொன்னாள். அழவில்லை. எண்ணி முடித்துவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தவரை அரண்மனை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து அரண்மனை வாசலில் போய் உட்காரப் போவதாகவும் சொன்னாள். டாக்டர் தடுத்தார். பாலத்தில் நடந்தது போதாதா என்று கேட்டார். பிறகு, பல நாள்களாக நெஞ்சிலிருந்த ஒன்றை வெளியே எடுத்தார்.

“கிதுருமேல குத்தம் இல்லம்மா. தோத்தவன் தலைகுனியணும்னா உள்ள ஏதோ ஒண்ணு சுடணும். அதை நான்லா அணைச்சு வச்சிருக்கேன்.”

ஞானப்பூ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒரு ஆளு இம்புட்டுக் கெட்டுப்போறதுக்கு நெல்லளவு இரும்பு போதுமா, மாமா?”

“போதும். நாளைக்குக் காலையில சோதனை பண்ணணும்னு சொல்லி உள்ள போறேன். விதையை நிறுத்திருவேன். வெயில் ஏறதுக்குள்ள அவரே எறங்கிருவாரு. முசேகாவையும் விட்டுருவாரு. அதுவரைக்கும் ஒங்க ஆளுகளைப் பொறுத்துக்கிடச் சொல்லு.”

அவள் சரியென்று போனாள். அவருடைய வார்த்தையை நம்பிப் பெண்கள் வாசலுக்குப் போகாமலிருந்தார்கள். டாக்டரோ அன்று தம்மையே நொந்துகொண்டு உறங்கினார். இவ்வளவு பெரிய தீங்குக்கு நான்தானே வேர் என்று வருந்தினார். அந்த வருத்தத்தின் அடியில், இவ்வளவு பெரிய தீங்கை நிறுத்த என்னால்தானே முடியும் என்ற பெருமிதமும் சுருண்டு படுத்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

அரண்மனைத் தோட்டத்தில் ஜனாதிபதி கிதுரு மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் சவரக்கத்தி கீறிய காயம் இருந்தது. பிள்ளையின் பெயரைச் சொல்லித் தகப்பனை அழைப்பது லுமாண்டியில் மரியாதை. டாக்டரின் மகள் பெயர் மங்கை.

“மங்கையின் தந்தையே, வாருங்கள். பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.”

விதையைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், ஜனாதிபதி பேச்சேதுமின்றித் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். டாக்டர் சட்டைப்பையிலிருந்த சிறிய கருவியை எடுத்துக் காதருகே பிடித்துப் பொத்தானை அழுத்தினார். பின்னர் நாற்காலியில் அமர்ந்து காத்திருந்தார். வெட்கம் திரும்பி வரும்போது முதலில் கழுத்து சிவக்கும். கறுத்த தோலிலும் அது தெரியும். பிறகு கண் நிலத்தைத் தேடும். ஜனாதிபதியின் கண் மாம்பழத்தைவிட்டு நகரவில்லை. ஒரு துண்டை வாயிலிட்டு மென்று விழுங்கிய பிறகு அவர் கேட்டார்:

“நிறுத்திவிட்டீர்களா?”

டாக்டர் பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்தார்.

“என் காதை நன்றாகப் பாருங்கள். தழும்பு தெரிகிறதா? என் தாய் இறந்தபோது ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. துக்கம் உள்ளே இருந்தும், அவளுடைய முகத்தில் மண் போடும் நேரத்திலும் ஊர் பார்க்கிறது என்ற உறுத்தலே இல்லாமல் நான் சாய்வு நாற்காலியில் இருப்பவனைப்போல நின்றேன். தாய்க்குக் கலங்காத மகனை இந்த நாட்டில் எவர் நம்புவார்? அடுத்த வாரமே வெளிநாடு போய் எடுத்துவிட்டேன். உங்கள் மனம் நோகுமே என்று சொல்லவில்லை.”

தாம் ஆண்டுதோறும் வந்து இந்தக் கருவியைச் சடங்குக்குக் காதருகே பிடித்து, எல்லாம் செவ்வனே இருக்கிறது என்று சொல்லிப் பழம் தின்றுவிட்டுப் போனது டாக்டருக்கு நினைவு வந்தது. பெரியவரின் காதை உற்றுப் பார்ப்பது மரியாதையன்று என்று எண்ணி, ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை.

“அப்படியானால் உங்களுக்கு…” என்று தொடங்கினார்.

“வெட்கமாக இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. கண்ணாடியைப் பார்க்கமாட்டாமல் கன்னத்தை வெட்டிக்கொண்டேன். அதனாலென்ன? வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். நாற்காலி அதை ஒன்றும் சொல்வதில்லை. மூன்று நாள் கடினமாயிருக்கும்; பிறகு புதுச் செருப்பைப்போலப் பழகிவிடும்.” கத்தியைத் துணியில் துடைத்து வைத்தார். “சின்ன மனிதர்களுக்குத்தான் அது பழகுவதில்லை. என் அதிகாரிகள் இரண்டுபேரைப் பார்த்தீர்களே, கல்லின்மேல் ஏறிக் கோழிக்குஞ்சுபோல உதறினார்கள். முசேகாவும் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். மனைவியின் பெயரை எடுத்ததும் ஒப்புக்கொண்டார். சொல்லிப் பார்க்கச் சொன்னால் குரல் வரமாட்டேன் என்கிறது. உங்களிடம் விதை இருக்கிறதல்லவா?”

டாக்டர் புரிந்துகொண்டார். புரிந்துகொள்ளாதவர்போலப் பார்த்தார்.

“நடுங்காமல் சொன்னால் அவர் வீட்டுக்குப் போவார். நடுங்கினால் திடலில் என் சிப்பாய்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் நரம்பு இருக்கிறது. நீங்கள் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறீர்கள், மங்கையின் தந்தையே. அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.”

மாட்டேன் என்பது ஒரே சொல். தமிழில் மட்டுமன்று, லுமாண்டி மொழியிலும் அது ஒரே சொல்தான். டாக்டர் இரண்டு மொழியும் அறிந்தவர்.

“எப்போது?” என்று கேட்டார்.

விருந்தினர் மாளிகையின் கடைசி அறையில் முசேகா இருந்தார். ஆறடிக்குமேல் உயரம். அந்த உயரத்தை மறைக்கவே பிறந்தவர்போல எப்போதும் கூனி நடப்பார். எவரையும் முகத்துக்கு நேரே பார்த்துப் பேசியறியாதவர். திருமணத்தன்று தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு நின்றதை ஞானப்பூ இன்றும் சொல்லிச் சிரிப்பாள். இப்போது கட்டிலின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மாமா?” என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு விதைகள் இருந்தன. வலிக்காது என்றார். ஞானப்பூ நலமாயிருக்கிறாள் என்றார். நாளை வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். கேட்காத கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னார்.

முசேகா தரையைப் பார்த்தபடி கேட்டார்: “இதைப் போட்டால் எவருடைய முகத்தைப் பார்த்தாலும் கூசாதா?”

“கூசாது.”

“ஞானப்பூவின் முகத்தைப் பார்த்தாலும்?”

டாக்டர் ஊசியை எடுத்துத் துடைத்தார். “கூசாது,” என்றார்.

முசேகா தலையைத் திருப்பிக் காதைக் கொடுத்தார். எத்தனையோ பேருக்குப் பதித்த கை, அன்று தப்பிற்று. முதல் குத்தில் இரத்தம் வந்ததேயொழிய எலும்பு அகப்படவில்லை. வேறு வழியின்றி முசேகாவே தம் நீண்ட விரல்களால் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து அசையாமல் நிறுத்தினார். அந்தப் பிடியில் கோபம் இல்லை. கிழவர் ஒருவரைச் சாலை கடக்க வைப்பவரின் பிடியாக இருந்தது.

“எல்லாம் நன்மைக்குத்தான்,” என்று டாக்டர் சொன்னார். சொன்ன சொல் அறையை விட்டு வெளியேறாமல் அவர் காதையே சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் முற்பகலில் கெசேராச் சந்தைத் திடல் நிறைந்துவிட்டது. மூன்று பக்கமும் சிப்பாய்கள். பெரிய மனிதர்களுக்குப் போட்டிருந்த நாற்காலி வரிசையில் டாக்டருக்கும் ஓரிடம் ஒதுக்கியிருந்தார்கள். வராமல் இருந்துவிட அவர் துணியவில்லை. கூட்டத்தின் முன்வரிசையில் ஞானப்பூ நின்றாள். அவள் அவரைப் பார்த்தாள். விதையை நிறுத்திவிட்டீர்களா என்று அவள் கண் கேட்டது. அவர் தம் கைக்குட்டையில் எதையோ தேடினார்.

முசேகா கல்லின்மேல் ஏறினார். ஏறியதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அவர் இவ்வளவு உயரம் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. முதுகு நேராக இருந்தது. கையில் கொடுக்கப்பட்டிருந்த தாளை விரித்து ஒருமுறை படித்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல், புது ஊருக்கு வந்தவன் தெருவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நாற்காலி வரிசையையும் அப்படியே பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இதில் இருப்பது நான் எண்ணியதன்று,” என்றார். “நான் எண்ணியதைச் சொல்கிறேன்.”

மடிபேயின் பெயரையும் அவர் பெற்ற வாக்குகளையும், கிதுருவின் பெயரையும் அவர் பெற்ற வாக்குகளையும் சொன்னார். நிலத்தின் நீள அகலத்தைச் சொல்கிறவரின் குரல். ஓரிடத்திலும் அது நடுங்கவில்லை. திடலில் காற்று வீசும் ஓசை கேட்டது. அப்போது வெற்றிலைக் கூடைக்குப் பின்னாலிருந்த கிழவி ஒருத்தி ‘மறுபடி’ என்றாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சந்தேகமில்லை, மகனே. காதுக்கு நன்றாயிருந்தது. இன்னொரு முறை சொல்.”

சிரிப்பு திடலெங்கும் பரவிற்று. சிப்பாய்களில் இரண்டொருவரும் சிரித்துவிட்டார்கள். முசேகா இன்னொரு முறை சொன்னார். படைத்தலைவனின் சட்டைப்பையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. நடுங்காத சொல்லைக் கேட்டுவிட்ட பிறகு அதை எடுக்க அவன் விரும்பவில்லை.

அன்று பொழுது சாயுமுன் கிதுருவின் விமானம் எல்லை கடந்துவிட்டது. போன இடத்திலிருந்தும் தோற்றேன் என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து எவரும் இன்றுவரை கேட்டதில்லை.

அதற்கு அடுத்த நாள் தொடங்கியது டாக்டரின் தண்டனை. தண்டனை மாலை வடிவில் வந்தது. விதை வைக்கப்பட்ட செய்தி அரண்மனை வேலையாள்கள் வழியாக வெளியே வந்திருந்தது. கொடுங்கோலன் வெட்கத்தை எடுக்கச் சொன்னான். மருத்துவரோ அச்சத்தோடு சேர்த்து வெட்கத்தை எடுத்து, உண்மையைப் பேச வைத்துவிட்டார் என்று செய்தித்தாள்கள் எழுதின. கிதுருவைக் கிதுருவின் ஆயுதத்தாலேயே வீழ்த்திய தமிழர் என்று சென்னைத் தொலைக்காட்சி அவருடைய பழைய படமொன்றைக் காட்டிற்று. புதிய ஜனாதிபதி மடிபே நேரில் வந்து கையைப் பற்றிக்கொண்டார். டாக்டர் எதற்கும் ஆம் என்று சொல்லவில்லை; இல்லை என்றும் சொல்லவில்லை. அதனை அடக்கம் என்று எழுதினார்கள். மகள் மங்கை தொலைபேசியில் அழைத்து, “அப்பா, நீங்க இப்படி ஒரு காரியம் செய்வீங்கன்னு நான் நெனச்சதே இல்ல,” என்றாள். அவரும் நினைத்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தார்; அவள் குரலிலிருந்த மகிழ்ச்சியைக் கேட்டு மூடிக்கொண்டார்.

இறந்த இளைஞர்களை அடக்கம் செய்த மறுநாள் ஞானப்பூ அவருடைய அறைக்கு வந்தாள். கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். ஊர் முறைப்படி பெரியவர்களுக்கு மரியாதை செய்ய வந்தவளைப்போல அவள் கதவருகே நின்றாள்.

“மாமா, அவிய உண்மையச் சொல்லிருவாவன்னு முன்னாடியே தெரிஞ்சுதான போட்டிய?”

இதோ, கேட்டுவிட்டாள். இல்லையம்மா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. டாக்டரின் கண் மேசைமேலிருந்த பெட்டியின்பால் போயிற்று. உள்ளே இன்னும் ஒரு விதை இருந்தது. அது என் காதில் இருந்தால் இப்போது சொல்லிவிடுவேன் என்று நினைத்தார். அப்படிச் சொல்லுகிற உண்மை யாருக்கு வேண்டும் என்றும் நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பெற்ற மகளைப்போல நின்ற அவளுடைய முகத்தைப் பார்த்து, அவருடைய தலை தானாக அசைந்தது. ஆமென்று அசைந்தது.

ஞானப்பூ தட்டை மேசைமேல் வைக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அவிய எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாவ, டாக்டர்.”

மாமா போய்விட்டது.

“அவியளுக்குத்தான் இப்ப எதையும் சொல்லக் கூச்சம் இல்லையே. ஒங்க கை நடுங்குனது, அவிய பிடிச்சுக்கிட்டது, எல்லாம் நன்மைக்குன்னு நீங்க சொன்னது, எல்லாம் சொன்னாவ. அவியளும் பொய்யத்தான் வாசிக்கப் போனாவளாம். மேல ஏறிப் பாத்தா, இந்தப் பெரியவுக மொகஞ் சுளிப்பாவளேன்னு காலமெல்லாம் இருந்துச்சே ஒரு கூச்சம், அதும் சேந்து போயிருந்துச்சாம். அது போன பெறகு பொய் சொல்ல ஒரு காரணமும் தெரியலயாம். டாக்டரு இதை எதிர்பாக்கல, பாவம், பயந்து போய்ப் போட்டாருன்னு சொன்னாவ.”

“பயத்தை அது தொடாதே,” என்றார் டாக்டர், தம்மை அறியாமல். “சிப்பாய் நின்னான், துப்பாக்கி நின்னுச்சு. பயம் இருந்திருக்குமே.”

“இருந்துச்சாம். எனக்கு என்ன ஆகுமோங்கிற பயத்தோடதான் சொன்னாவளாம். பயத்துக்கு அவிய குரலு நடுங்காதாம், கூச்சத்துக்குத்தான் நடுங்குமாம்.”

டாக்டர் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். “எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு ஏம்மா கேட்டே?”

“செயிக்காத செயத்த நீங்களும் எடுத்துக்கிடுவியளான்னு பாத்தேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் எதையாவது சொல்லித் தப்பியிருப்பார்.

வந்த காரியத்தை அவள் சொன்னாள். விதையை எடுத்துவிட வேண்டும். முசேகாவைக் கேட்டால், எடுத்தாலும் சரி, இருந்தாலும் சரி என்கிறார். நேற்றுப் புதைகுழியின் கரையில் நின்று, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களின் முகத்தைக் கண் தாழ்த்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தத் தாய்மார்களில் ஒருத்தி ஞானப்பூவிடம் வந்து, உன் புருஷனை வேறு பக்கம் பார்க்கச் சொல்லம்மா என்று கெஞ்சினாளாம். கட்சிக்காரர்கள் வந்து அடுத்த தேர்தலில் நிற்கச் சொன்னார்கள், உடனே சரியென்றுவிட்டாராம்.

“பாட்டுப் பொஸ்தகத்துக்குப் பின்னால நின்னாவளே, அந்த மனுசன் எனக்கு வேணும். எடுத்துக் குடுங்க.”

டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னே நடந்தார். அவள் வீட்டுக்குச் சந்தைத் திடல் வழியாகத்தான் போக வேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கண்டதும் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் கடைக்குக் கடை தாவிற்று. மங்கையின் தந்தை இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லையே, கல்லின்மேல் ஏறி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டு கல்லின் பக்கமாகத் தள்ளிற்று. அவர் ஞானப்பூவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தட்டோடு நின்றாள். ஏறுங்கள் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டாக்டர் பெட்டியைக் கல்லின் அடியில் வைத்துவிட்டு ஏறினார். கல் சூடாக இருந்தது. முகங்கள் எல்லாம் அவரையே பார்த்தன. கழுத்திலிருந்து காதுவரை தீப்பற்றிக்கொண்டு வருவதை அவர் உணர்ந்தார். வாழ்நாளெல்லாம் பிறருக்கு அணைத்துக் கொடுத்த தீ.

“நான் திட்டமிட்டு எதையும் செய்யவில்லை,” என்றார். “கிதுரு சொன்னார், பயந்துபோய்ச் செய்தேன். உண்மையைச் சொன்னவர் முசேகா. எனக்கு அதில் பங்கில்லை.”

குரல் நடுங்கிற்று. சொல்லுக்குச் சொல் நடுங்கிற்று.

பிறகு வெற்றிலைக் கூடைக்குப் பின்னாலிருந்த கிழவி அன்போடு தலையசைத்து, “மறுபடி,” என்றாள். இப்படி நடுங்கும் குரல் உண்மையைச் சொல்லாது என்பது அவளுக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று பக்கத்தில் இருந்தவன் வியந்தான். “மறுபடி,” என்றது கூட்டம் சிரித்துக்கொண்டே.

அவர் மறுபடியும் சொன்னார். முன்னிலும் மோசமாக நடுங்கிற்று. பயந்துபோய் என்ற சொல்லைப் பாதியில் விழுங்கிவிட்டார். மறுபடி என்றார்கள்.

மூன்றாம் முறை தொடங்குமுன் அவருடைய பார்வை கல்லின் அடியிலிருந்த பெட்டியின்மேல் விழுந்தது. அதைவிட்டுக் கண்ணை எடுத்து, கூட்டத்தைப் பார்த்தார். நடுங்கட்டும் என்று குரலை அதன் போக்கில் விட்டார். ஒரு சொல்லையும் மாற்றாமல், ஒரு சொல்லையும் விழுங்காமல், முழுவதையும் சொல்லி முடித்தார்.

திடல் முழுவதும் மறுபடி என்று கேட்டது. தட்டோடு நின்றவள் மட்டும் கேட்கவில்லை.